படபடப்புக்கு மாத்திரை எழுதுறதுக்கு முன்னாடி: மனநல டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுல கிளினிக் வச்சிருக்கிற, ஜிஎச்ல ஓபி பாக்குற எல்லா மனநல டாக்டர்களுக்கும் வணக்கம்.

பூட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். எட்டு வருஷம் முன்னாடி உங்கள்ல ஒருத்தர்கிட்ட, வீட்டைப் பூட்டிட்டு தெருமுனை வரைக்கும் போறேன், மறுபடி திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாக்குறேன், தினமும் மூணு தடவையாவது இப்படி நடக்குது டாக்டர்னு சொன்னேன். அவரு தலையாட்டிக்கிட்டே எழுதிக்கிட்டாரு, தேவையில்லாத பயம்மா இதுன்னாரு. ஆனா டாக்டர், நான் நிஜமாவே பூட்டாம போயிருக்கேன். அந்த வருஷம் மட்டும் நாலு தடவை. ஒரு தடவை அடுப்புல பாலை வச்சுட்டு ஸ்ரீரங்கத்துல பஸ் ஏறி சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன், அப்புறம்தான் ஞாபகம் வந்து நெஞ்சு அடைச்சு அங்கேயே இறங்கி ஆட்டோ புடிச்சு ஓடினேன், பாத்திரம் கருகுனதோட போச்சு. பூட்டலைன்னா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்கன்னு அவரு கேட்டாரு. இதுக்கு முன்னாடி பூட்டாம போயிருக்கீங்களான்னு கேக்கவே இல்ல. அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தா, எனக்கு இருக்கிறது ஏடிஎச்டின்னு (சின்ன வயசுல இருந்தே கவனம் நிக்காம, மறந்து மறந்து போற கோளாறு) அப்பவே தெரிஞ்சு ஆறு வருஷம் மிச்சமாயிருக்கும், அதனாலதான் இந்த மடல்.

நான் யாருன்னு சொல்லிடுறேன். வயசு 37, திருச்சி, ஒரு ஆடிட்டர் ஆஃபீஸ்ல வேலை, ஜிஎஸ்டி ஃபைலிங் பூரா என் டேபிள்லதான். மாசாமாசம் 11ம் தேதி ஒண்ணு, 20ம் தேதி ஒண்ணு, இந்த ரெண்டு தேதியைச் சுத்திதான் என் வாழ்க்கை ஓடுது. 1ம் தேதில இருந்து 17 வரைக்கும் ஃபைலைத் தொறக்கவே கை வராது, தொறந்தா அஞ்சு நிமிஷத்துல வேற எங்கயோ இருப்பேன், 18ம் தேதி ராத்திரி வயித்தைப் பிசைய ஆரம்பிச்சதும் பேய் மாதிரி வேலை பாத்து முடிச்சுடுவேன். ஆஃபீஸ்ல இதுக்குப் பேரு கெட்டிக்காரி. வண்டி ஓடுனதே பயத்துலதான், வேற பெட்ரோலே கிடையாது, அது எனக்கே அப்ப தெரியாது.

அந்த முதல் டாக்டர் எழுதுனது பதட்டத்துக்கும் டிப்ரஷனுக்கும் குடுக்குற எஸ்சிட்டலோப்ராம், ராத்திரிக்கு க்ளோனாசிபாம்னு பதட்டத்தை உடனே அடக்குற மாத்திரை அரை மில்லிகிராம். ஏழு நிமிஷம் பேசியிருப்போம், வெளிய நாப்பது டோக்கன் உக்காந்திருக்கு, அவரைக் குத்தம் சொல்லி என்ன. மருந்து வேலை செஞ்சுச்சு, அதை மறைக்க மாட்டேன். மூணாவது வாரம் படபடப்பு நல்லாவே குறைஞ்சுது, பதினஞ்சு வருஷத்துல முதல் தடவையா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சும்மா மொட்டை மாடில உக்காந்திருந்தேன். அதே மாசம் 20ம் தேதியும் சும்மாதான் உக்காந்திருந்தேன். பயமே இல்ல, அதனால வேலையும் இல்ல. மூணு கிளையன்ட்டுக்கு ரிட்டர்ன் போகல, ஒரு ரிட்டர்னுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபா லேட் ஃபீ, மொத்தத்தையும் என் சம்பளத்துல இருந்து கட்டினேன். டாக்டர்கிட்ட போய் பதட்டம் இல்ல சார் ஆனா எதுவுமே நடக்க மாட்டேங்குதுன்னேன், சரி டிப்ரஷன் இருக்கும்னு டோஸை ஏத்துனாரு.

உங்கள்ல நிறைய பேருக்கு இது தெரியும்னு எனக்குத் தெரியும். பெரியவங்களுக்கு வர்ற ஏடிஎச்டியோட பதட்டமும் சேர்ந்தே வர்றது சர்வ சாதாரணம்னு உங்க புத்தகத்துலயே இருக்கு. சிலருக்கு அது தனியா ரெண்டாவது நோவு, சிலருக்கு மறந்து மறந்து அடி வாங்கி வந்த பயம், இன்னும் சிலருக்கு அந்தப் பயம்தான் ஊன்றுகோல். எது எதுன்னு பாக்காம ஊன்றுகோலை மட்டும் புடுங்குனா ஆளு விழத்தானே செய்வாரு?

க்ளோனாசிபாமைப் பத்தி தனியா பேசியே ஆகணும். ஒன்றரை வருஷம் சாப்பிட்டேன். இது பழகிடும், ரொம்ப நாள் போட்டா ஞாபகமும் கவனமும் மந்தமாகும், நிறுத்துறதா இருந்தா கொஞ்சங் கொஞ்சமா குறைக்கணும்னு ஒரு வாய் வார்த்தை யாரும் சொல்லல. ஏற்கனவே கவனம் இல்லாதவளுக்குக் கவனத்தை மங்கடிக்கிற மாத்திரை, யோசிச்சுப் பாருங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி, சொந்தக்காரங்க வந்து மாத்திரை அட்டையைப் பாத்துடுவாங்களேன்னு நானா நிறுத்திட்டேன். மூணு ராத்திரி கண்ணை மூடல, கை நடுங்கி தாம்பூலத் தட்டைப் புடிக்க முடியல, பெரியம்மா ஒருத்தங்க கண்ணு பட்டுருச்சுன்னு மிளகாய் சுத்திப் போட்டாங்க. அவசரத்துக்கு ரெண்டு வாரம் குடுக்குறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா ஆரம்பிக்கிற அன்னிக்கே எப்ப நிறுத்தப் போறோம்னு அதே சீட்டுல எழுதிக் குடுங்க, அவ்ளோதான் கேக்குறேன். (இதைப் படிக்கிற பேஷன்ட் யாராவது நானும் இன்னிக்கே நிறுத்துறேன்னு கிளம்பிடாதீங்க, நான் பண்ணுனது முட்டாள்தனம், சிலருக்கு அப்படி டக்குன்னு நிறுத்துனா வலிப்பே வரும்.)

நடுவுல ரெண்டாவதா ஒரு டாக்டர், அவரு எஸ்சிட்டலோப்ராம் வகையிலயே இன்னொரு மருந்து, பராக்ஸிடினுக்கு மாத்துனாரு, அந்தக் கதை பின்னாடி வரும்.

35 வயசுலதான் மூணாவதா ஒருத்தர் கிடைச்சாரு. அவரு முதல் தடவை மருந்தே எழுதல. ஸ்கூல் ரேங்க் கார்டு இருக்கா, அம்மாகிட்ட போன்ல பேசலாமான்னு கேட்டாரு. எங்கம்மா எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கிற ஆளு, நாலாங் கிளாஸ் ரேங்க் கார்டுல டீச்சர் எழுதியிருக்காங்க, புத்திசாலி ஆனால் கவனம் இல்லை, பொருட்களைத் தொலைக்கிறாள்னு. அம்மா போன்ல சொன்னது வேற, அவ கால் ஆட்டிக்கிட்டே இருப்பா சார், பொம்பளப் புள்ள கால் ஆட்டுனா வீட்டுக்கு ஆகாதுன்னு தொடைல அடிச்சு அடிச்சு நிறுத்துனேன்னாங்க. கால் நின்னுருச்சு, தலைக்குள்ள ஓடுறது நிக்கல. 2013ல வந்த டிஎஸ்எம் ஐந்துல, அதான் நோவு கண்டுபுடிக்க நீங்க பாக்குற கைப்புத்தகத்துல, பெரியவங்களுக்கு ஒன்பதுல அஞ்சு அறிகுறி இருந்தா போதும், ஆனா அதுல சிலது 12 வயசுக்கு முன்னாடியே இருந்திருக்கணும்னு இருக்கே, அப்ப சின்ன வயசைக் கேக்காம எப்படிக் கண்டுபுடிப்பீங்க? துறுதுறுன்னு ஓடுற பையனை டீச்சரே உங்ககிட்ட அனுப்பிடுவாங்க, கடைசி பெஞ்சுல ஜன்னலைப் பாத்துக்கிட்டு சத்தமில்லாம உக்காந்திருந்த பொண்ணு முப்பத்தஞ்சு வயசுல படபடப்புன்னுதான் உங்க முன்னாடி வந்து நிப்பா.

அவரு என் கையைப் புடிச்சு நாடி பாத்து பிபியும் பாத்தாரு. எட்டு வருஷத்துல மனநல கிளினிக்ல எனக்கு பிபி பாத்தது அன்னிக்கு ஒரு நாள்தான். ஏடிஎச்டி மருந்துங்கள்ல பாதி இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏத்துற மருந்து, பாக்காம எழுதுறது எப்படின்னு எனக்குப் புரியல.

அப்புறம் ஒரு பேப்பர்ல படம் போட்டு எனக்கு என்னென்ன வழி இருக்குன்னு தமிழ்ல சொன்னாரு. அந்தப் பேப்பர் இன்னும் என்கிட்ட இருக்கு. மெத்தில்ஃபெனிடேட், போட்ட அன்னிக்கே வேலை தெரியும், சாதா மாத்திரை மூணு நாலு மணி நேரம் நிக்கும், நீண்ட நேர மாத்திரை பகல் பூரா நிக்கும், பசி குறையும், தூக்கம் தள்ளிப் போகும், பதட்டம் சிலருக்குக் கூடும் சிலருக்கு வேலை ஒழுங்கா நடக்குறதாலயே குறையும், போட்டுப் பாத்தாத்தான் தெரியும்னாரு. அட்டோமாக்ஸிடின், இது தூண்டு மருந்து இல்ல, பழக்கமாகாது, பதட்டம் சேர்ந்து இருக்கிறவங்களுக்கு நிறைய டாக்டருங்க இதைத்தான் யோசிப்பாங்க, ஆனா முழுசா வேலை காட்ட ஆறு எட்டு வாரம் கூட ஆகும், முதல்ல வயித்தைப் புரட்டும், வாய் காயும். பூப்ரோபியான் சிலருக்கு உதவும், ஆனா வலிப்பு வந்தவங்களுக்கு ஆகாது, படபடப்பையும் கிளப்பலாம். க்ளோனிடின்னா தூக்கக் கலக்கம், திடீர்னு நிறுத்துனா பிபி எகிறும். பதட்டத்துக்குத் தனியா எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் மாதிரி, இல்லைன்னா பஸ்பிரோன். மேடை ஏறுனா நெஞ்சு அடிக்குதுன்னா ப்ரொப்ரனலால், அதுவும் ஆஸ்துமா இல்லைன்னா மட்டும். மருந்தோட சேர்த்து கவுன்சிலிங், அதுவும் சும்மா ஆறுதல் சொல்றது இல்ல, பழக்கத்தை மாத்துற சிபிடி. பத்தே நிமிஷம்தான் ஆச்சு டாக்டர். இதைச் சொன்னா பேஷன்ட் பயந்துடுவாங்க, கூகுள் பண்ணுவாங்கன்னு நீங்க நினைக்கிறீங்க, சொல்லாம விட்டாத்தான் நாங்க கூகுள் பண்றோம்.

முதல்ல மெத்தில்ஃபெனிடேட் அஞ்சு மில்லிகிராம், காலைல ஒண்ணு மதியம் ஒண்ணு. முதல் நாள் என்ன ஆச்சுன்னா, தலைக்குள்ள ஒரே நேரத்துல பாடிக்கிட்டிருந்த நாலு டீக்கடை ரேடியோல மூணை யாரோ அமத்துன மாதிரி இருந்துச்சு. 6ம் தேதி உக்காந்து 11ம் தேதி வேலையை முடிச்சேன், எங்க ஆடிட்டர் சார் உடம்பு சரியில்லையாம்மான்னு கேட்டாரு. ஆனா நாலு மணிக்கு மேல மருந்து இறங்கும்போது யார் பேசுனாலும் கடிச்சு வைக்கணும் போல இருக்கும், நெஞ்சும் அடிச்சுக்கும். டாக்டர் கேட்டது, ஒரு நாளைக்கு எத்தனை காபி? நாலு டம்ளர், கெட்டி டிகாக்ஷன். யாரும் கேக்காததால நானும் சொல்லல, அத்தனை வருஷமும் காபிதான் என் சொந்த வைத்தியம்னு அப்பத்தான் உறைச்சுது. காபியைக் காலைல ஒரு டம்ளரா குறைச்சதும் படபடப்புல பாதி காணோம்.

இந்த மெத்தில்ஃபெனிடேட்டுக்கு ஒரு கதை உண்டு, சுவிட்சர்லாந்துல சீபா கம்பெனில பனிஸான்னு ஒரு கெமிஸ்ட் 1944ல செஞ்சாரு, அவரு சம்சாரம் டென்னிஸ் ஆடப் போறதுக்கு முன்னாடி போட்டுக்குவாங்களாம், அந்தம்மா பேரு ரீட்டா, அதுல இருந்துதான் ரிட்டாலின். அந்தம்மா குடுத்து வச்சவங்க, வீட்லயே கிடைச்சிருக்கு. எனக்குத் தில்லை நகர் பூரா அலைஞ்சாலும் கிடைக்கல.

இங்க மெடிக்கல் கடைக்காரங்களையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையையும் கொஞ்சம் கூப்பிட்டுக்கிறேன். இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாட்டுல இருக்கிற லிஸ்ட், கடைக்குத் தனி லைசென்ஸ் வேணும், சீட்டு ரெண்டு காப்பி வேணும், ஒரு காப்பியைக் கடைக்காரர் ரெண்டு வருஷம் வச்சிருக்கணும், மருந்தைப் பூட்டி வைக்கணும். போதைப்பொருள் சட்டத்துலயும் மனமயக்க மருந்து லிஸ்ட்ல இருக்கு. சட்டத்தைத் தப்புன்னு சொல்லல. டாபென்டடால்னு வலி மாத்திரையை வாங்கி ஊசில ஏத்துற பசங்க கதை வாரத்துக்கு ஒண்ணு பேப்பர்ல வருது, ரெய்டு வருது, இத்தனை தொல்லைக்கு மாசம் ரெண்டு பேர் கேக்குற மருந்தை எதுக்கு வைக்கணும்னு கடைக்காரர் நினைக்கிறதும் புரியுது. ஆனா எங்க கதையைப் பாருங்க. காகிதத்தைத் தொலைக்கிறதுதான் எங்க வியாதியே, அந்த ஆள்கிட்ட ரெண்டு காப்பி சீட்டு, தேதி தவறாம வா, கடை கடையா ஏறி இறங்குன்னா? ஒரு கடைல கவுன்ட்டர்ல நின்ன பையன் சீட்டைப் பாத்துட்டு உள்ள திரும்பி, அண்ணே போதை மாத்திரை கேக்குறாங்கண்ணேன்னு கத்துனான். பக்கத்துல என் பொண்ணோட ஸ்கூல் மிஸ் இருமல் மருந்து வாங்கிக்கிட்டு நின்னாங்க. டாக்டர், எந்தக் கடைல ஸ்டாக் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்க, ரெண்டு காப்பியா எழுதுங்க, ஒரே காப்பியோட போய் திரும்பி வந்தவங்க எத்தனை பேர்னு உங்களுக்குத் தெரியாது. மாவட்டத்துக்கு நாலு கடையாவது இதை வச்சிருக்கிற மாதிரி துறை ஏற்பாடு பண்ணுனா எங்களுக்குப் பெரிய உபகாரம்.

இன்னொண்ணையும் சொல்லணும். 2018ல லான்செட் சைக்கியாட்ரிங்கிற மருத்துவ இதழ்ல ஏடிஎச்டி மருந்துங்க மேல நடந்த 133 ஆய்வுகளைச் சேர்த்துப் போட்டுப் பாத்தாங்க, பெரியவங்களுக்கு முன்னுக்கு வந்தது ஆம்ஃபெடமின் வகை, அது நம்ம ஊர் மெடிக்கல்ல கிடைக்கவே கிடைக்காது. அமெரிக்கால இருக்கிற என் ஃப்ரெண்டு நீ ஏன் அந்த வகை மாத்திரை ஆடரலைக் கேக்கக் கூடாதுன்னு கேட்டா, அடிப் போடின்னேன். இருக்கிறதே ரெண்டு மூணு ஆப்ஷன், அதுல ஒண்ணு மாசத்துல பத்து நாள் கிடைக்காதுன்னா அந்த ரெண்டு மூணையாவது ஒழுங்கா குடுங்கன்னுதான் கேக்க முடியும்.

அப்படி அலைஞ்சு அலுத்துத்தான் அட்டோமாக்ஸிடினுக்கு மாறினேன். அதுக்குள்ள அந்த நல்ல டாக்டர் வெளியூர் போயிட்டாரு, அவரு இடத்துல வந்தவரு எடுத்த எடுப்புல 40 மில்லிகிராம், ஒரு வாரத்துல 80ன்னு எழுதுனாரு. அப்ப நான் பராக்ஸிடின்ல இருந்தேன், அது வேற டாக்டர் சீட்டு, ரீஃபில் பண்ணிக்கிட்டே ஓடிட்டிருந்துச்சு. அவரு வேற என்ன சாப்பிடுறீங்கன்னு கேக்கல, எனக்கும் சொல்லத் தோணல. தப்புல பாதி என்னோடது. மறதிக்குன்னே வைத்தியத்துக்கு வந்தவகிட்ட அவளே ஞாபகமா சொல்லட்டும்னு விட்டதுல பாதி உங்களோடது. பத்து நாள் வாந்தி, எழுந்து நின்னா கண்ணு இருட்டுது, சும்மா உக்காந்திருக்கும்போதே நாடி நூத்துப் பத்து. பதட்டம் திரும்ப வந்துருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன், பராக்ஸிடினைக் கூட்டலாமான்னு கூட யோசிச்சேன்.

காப்பாத்துனது உறையூர்ல ஒரு சின்ன மெடிக்கல் வச்சிருக்கிற பெரியவர். ரெண்டு சீட்டையும் சேர்த்து நீட்டினேன், கண்ணாடியை மூக்குல இறக்கிவிட்டுப் பாத்துட்டு, ஏம்மா இந்த ரெண்டையும் ஒரே டாக்டரா எழுதுனாருன்னு கேட்டாரு. அட்டோமாக்ஸிடினை ஈரல்ல கரைக்கிற நொதி ஒண்ணு இருக்கு, பராக்ஸிடினும் ஃப்ளூவாக்ஸிடினும் அதைக் கட்டிப் போட்டுடும், அப்ப ரத்தத்துல அட்டோமாக்ஸிடின் அளவு பல மடங்கு ஏறிடும், அதனால அந்த மருந்துல இருக்கிறவங்களுக்கு 40லயே நாலு வாரம் வச்சுப் பாத்துட்டுத்தான் ஏத்தணும். இதை எனக்குச் சொன்னது மெடிக்கல் கடைக்காரர், அவரு சொன்னாருன்னுதான் டாக்டர்கிட்ட திரும்பிப் போனேன். போதை மாத்திரைன்னு கத்துன பையனும் மெடிக்கல் கடைதான், இவரும் மெடிக்கல் கடைதான்.

பராக்ஸிடினை ரெண்டு மாசமா கொஞ்சங் கொஞ்சமா இறக்குனோம், நடுவுல தலைக்குள்ள சின்னச் சின்னதா கரண்ட் அடிக்கிற மாதிரி இருந்துச்சு, அப்படி வரும்னு இந்தத் தடவை முன்னாடியே சொல்லியிருந்தாங்க, அதனால பயப்படல. இப்ப அட்டோமாக்ஸிடின் 60, எஸ்சிட்டலோப்ராம் 10, ரெண்டும் ஒரே டாக்டர் கையெழுத்து. ரேடியோ மூணும் ஒரேயடியா அமரல, ரெண்டரை அமர்ந்திருக்கு. எங்க பெரியப்பா பையன் சென்னைல இருக்கான், அவனுக்கும் இதே ரெண்டு பிரச்சனைதான், நீண்ட நேர மெத்தில்ஃபெனிடேட் போட்டதுல அவனுக்குப் பதட்டமே அடங்கிடுச்சு, வேற மாத்திரையே வேண்டாம்னுட்டாங்க. ஒரே தாத்தா பேரப் பசங்களுக்கே ஆளுக்கு ஒரு மருந்துன்னா வர்ற எல்லாருக்கும் நீங்க ஒரே சீட்டை எழுதுறது எப்படிப் பொருந்தும்?

கேக்கணும்னு நினைச்ச ஒண்ணு மறந்துட்டேன், இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ஜிஎச் டாக்டர்களுக்கு இது. மாவட்ட மனநலத் திட்டம் நாட்டுல 1996ல தொடங்குனது, தமிழ்நாட்டுல ஆரம்பத்துலயே அது வந்த ஊர்ல எங்க திருச்சியும் ஒண்ணு. எங்க ஆஃபீஸ்ல டீ குடுக்குற அக்காவுக்கு என்னை விட மோசமா இருக்கு, அப்படியே என்னைப் பாக்குற மாதிரி, கணக்கு நோட்டை மூணு தடவை தொலைச்சாச்சு, பயந்து பயந்து சாகுறாங்க. அவங்களால பிரைவேட்டுக்கு வர முடியாது. நான் கூட்டிட்டுப் போறேன்னா, கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடுவாங்களா பாப்பான்னு கேக்குறாங்க. 1794ல இருந்து இருக்கிற ஆஸ்பத்திரி, அதோட ஊர்ப் பேரையே நாம வசவா மாத்தி வச்சிருக்கோம். வீட்ல நரம்பு டாக்டர்கிட்ட போறேன்னுதான் நானும் இன்னிக்கு வரைக்கும் சொல்றேன், மாமியாருக்குத் தெரியாது. மனநலச் சட்டம் 2017ல அரசு ஆஸ்பத்திரில மனநல சிகிச்சை கிடைக்கிறது உரிமைன்னு எழுதியாச்சு, அப்ப பெரியவங்களோட ஏடிஎச்டியும் அந்த ஓபில கேக்கப்படணும்ல? குழந்தைங்க கிளினிக்னு ஒரு கிழமை வைக்கிற மாதிரி பெரியவங்களுக்கும் மாசத்துல ஒரு நாள், ரேங்க் கார்டு எடுத்துட்டு வாங்கன்னு ஒரு போர்டு மாட்டினா அந்த அக்கா மாதிரி எத்தனையோ பேர் வருவாங்க. போன்ல பேசணும்னாலும் அரசோட மனநல உதவி லைன் டெலி மானஸ் 14416 இருக்கு, தமிழ்லயே பேசலாம், அந்த அக்காவுக்கு நம்பரைப் பேப்பர்ல எழுதிக் குடுத்தேன், தொலைச்சிட்டாங்க, இப்ப அவங்க டீ கேன் மூடில மார்க்கர்ல எழுதி வச்சிருக்கேன்.

நான் இப்ப பாக்குற டாக்டருக்கு மட்டும் ரெண்டு வரி. அடுத்த ஃபாலோ அப் 21ம் தேதி போட்டிருக்கீங்க, 20 முடிஞ்சப்புறம் வர்ற மாதிரி கேட்டதும் மாத்திக் குடுத்தீங்க, நன்றி. பழைய சீட்டு எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வாசக்கதவு கைப்பிடில மாட்டி வச்சிருக்கேன், அதை எடுக்காம பூட்டவே முடியாது. போன தடவை பிபி மிஷின்ல பேட்டரி இல்லைன்னுட்டாங்க, இந்தத் தடவையாவது போட்டு வைங்க.